நீற்றறையிலிருந்து சிமெண்ட் மூட்டை வரை: விருதுநகர்ச் சீமையில் சுண்ணாம்பின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் மனிதர்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு ஒரு கல்லைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். விருதுநகர் மாவட்டத்தின் தொழில் வரலாறு பஞ்சு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற வரிசையில்தான் எழுதப்பட்டு வருகிறது. 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த இருவரின் கதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இந்த மண்ணுக்குள்ளேயே கிடந்த வெள்ளைக் கல்லை வெட்டியவர்கள் யார், சுட்டவர்கள் யார், நீற்றி இடித்துச் சுவரில் ஏற்றியவர்கள் யார் என்ற கேள்விக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. கல் ஒன்றுதான். அதைச் சுடுகிறவர் யார் என்பதைப் பொறுத்து அதற்கு ஒரு பெயர், ஒரு சட்டம், ஒரு விலை என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாம் பேச வந்தது அந்த மாற்றத்தைப் பற்றித்தான்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்வோம். கால்சைட் என்பது கனிமம். அது பெருந்திரளாகச் சேர்ந்து பாறையானால் சுண்ணாம்புக்கல். இரண்டுக்கும் உள்ளீடு கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், சுத்தமான 100 கிலோ கல்லில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, வெடித்து, பொடியாக உதிரும். இதைத்தான் நீற்றுதல் என்கிறோம். நீற்றியதைக் குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல் பொடியாகி, பொடி திரும்பக் கல்லாகும் இந்தச் சுற்றில் நெருப்பின் பக்கமும் தூசியின் பக்கமும் நின்றவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதே சமூக வரலாறு.

நீறு என்ற சொல் நெற்றியில் பூசும் திருநீற்றுக்கும் உரியது, காளவாயில் கிடைக்கும் பொடிக்கும் உரியது. பெரியபுராணத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கு நீற்றறை என்று பெயர். பல்லவ மன்னன் ஆணைப்படி வேளாளரான திருநாவுக்கரசர் அதற்குள் ஏழு நாள் அடைக்கப்பட்டார். உள்ளே போனபடியே வெளியே வந்தார். அதே நூலில் ஆதனூர்ச் சேரியின் நந்தனாரும் நெருப்புக்குள் இறங்குகிறார். அவர் போனபடியே வரவில்லை. புலையர் உடலை நெருப்பில் விட்டு, பூணூல் அணிந்த முனிவர் வடிவில் எழுந்து, தில்லைக் கோயிலுக்குள் போய் மறைந்தார். ஒருவரைச் சுடாத நெருப்பு இன்னொருவரின் பிறப்பைச் சுட்டெடுக்க வேண்டியிருந்தது என்று 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எழுதுகிறார். நந்தனைப் பற்றித் தலித் சிந்தனை மரபு நிறையப் பேசியிருக்கிறது. நீற்றறையை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த நீற்றறையில் நாள்தோறும் கல் அடுக்கித் தீ மூட்டியவர்களைப் பற்றிப் புராணம் பேசவில்லை.

கரிசல் காட்டில் சுண்ணாம்புக்காகப் பாறையை உடைக்க வேண்டிய தேவை முன்பு அதிகம் இருந்ததில்லை. கரிசல் மண்ணுக்குள் உருண்டை உருண்டையாகச் சுக்கான் கல் விளைந்து கிடக்கும். மழைக்குப் பிறகு ஓடைக்கரையிலும் உழுத புஞ்சையிலும் அது மேலே தெரியும். அதைப் பொறுக்கிக் கூடையில் சேர்த்து, கல் ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு என்று காளவாயில் போட்டுச் சுடுவார்கள். புஞ்சைக்காரருக்குச் சுக்கான் ஒரு தொல்லை. கலப்பைக் கொழுவை மழுக்கும். நிலமில்லாதவருக்கு அது கூலி. யாருடைய நிலத்தில் கிடந்தாலும் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற வழக்கம் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனாலும் ஊர் நடைமுறையில் இருந்தது. இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடற்கரைக்குப் போனால் கல்லுக்குப் பதிலாகச் சிப்பி. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் கடையர் என்ற பெயருக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. பள்ளர்களின் ஒரு பிரிவாக இப்பெயர் வருகிறது என்றும், இராமேசுவரம் வட்டாரத்தில் சிப்பி சேகரித்துச் சுண்ணாம்பு சுடுபவர்கள் கடையர் என்றும், முத்துக்குளிக்க ஒரு பகுதி ஆள் எடுப்பது இவர்களிடமிருந்து என்றும் அவர் எழுதுகிறார். பெயருக்குக் கடைசி என்று பொருளும் சொல்கிறார். சுவரை வெளுக்கச் செய்பவனுக்குக் கடையன் என்று பெயர். 2021இல் நாடாளுமன்றம் ஏழு பெயர்களைச் சேர்த்துத் தேவேந்திரகுல வேளாளர் என்று அறிவித்த சட்டத்திலும் கடையர் என்ற பெயர் வருகிறது. ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் கடலோரப் பகுதிகள் நீங்கலாக என்று ஓர் அடைப்பும் கூடவே வருகிறது. சிப்பி சுட்டவர்கள் இருந்த கரைதான் அது. பட்டியல்களில் இப்படி ஒட்டிக்கிடக்கும் சிறு தொடர்களை ஆராய்ச்சி மாணவர்கள் எளிதில் கடந்துபோய்விடக் கூடாது.

சுண்ணாம்பு நுழைந்த இன்னோர் இடம் தோல் தொட்டி. செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் மயிர் கழன்றுவரும். பிறகு மழித்து, கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்த வேண்டும். அருந்ததியர் கைகளைச் சுண்ணாம்பு தின்ற வரலாறு இது. கமலைச் சாலின் அடியில் தொங்கும் தோல் வாலும், மாட்டுக்கு வாரும், சம்சாரியின் காலுக்குச் செருப்பும் அந்தத் தொட்டியிலிருந்து வந்தவை. கரிசல் விவசாயத்தின் தண்ணீர் தோல் வழியாகத்தான் வாய்க்காலுக்குப் பாய்ந்தது. அந்தத் தோலைச் செய்தவருக்கு அதே கிணற்றில் இறங்க உரிமை கிடையாது. டீசல் பம்பும் மின்மோட்டாரும் வந்தபோது கமலை போனது. தோல் தொழிலும் போனது. போனதற்கு ஈடாக யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

கட்டடத்துக்கு வருவோம். சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரையைக் காளை பூட்டிய கல் உருளையால் நாள் முழுக்க அரைப்பார்கள். நல்ல வீடு என்றால் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் சேரும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. மச்சுக்குச் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கெட்டியாக்குவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரை இன்று சுற்றுலாப் பயணிகள் தடவிப் பார்க்கிறார்கள். அந்த வழவழப்புக்குள் எத்தனை சித்தாள்களின் தோள் இருக்கிறது என்பதற்குக் கணக்கு இல்லை. 1930 டிசம்பரில் ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பாத்திரத்துக்கே தடை போட்ட ஊரில் காரைச் சுவர் எழுப்ப யாரால் முடியும்? பொங்கலுக்கு ஊர் முழுக்க வெள்ளையடித்தவர்கள் தங்கள் மண்சுவருக்குச் சாணிப்பால் தெளித்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னது கையால் செய்த சுண்ணாம்பு. கம்பெனி வந்தது வேறு கல்லுக்காக.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றி இராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதிய அறிக்கை 1883இல் வெளியானது. அத்திரம்பாக்கமும் பல்லாவரமும் என்றால் நமக்கு நினைவுக்கு வரும் அதே ஃபூட்தான். தென்பாண்டிப் பாறைகளுக்கு நடுவே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிர்களின் ஓடுகள் அப்படியே தெரியும். அது டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலடி. விருதுநகர்ப் பக்கத்துக் கல் அதைவிடப் பல மடங்கு பழையது. பூமிக்கடியில் வெந்து, நசுங்கி, சர்க்கரைக் கட்டிபோலப் படிகமாகிவிட்டது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் இந்தப் பட்டை வெட்டியெடுக்கத்தக்க அளவில் இருக்கிறது.

ராஜபாளையத்து ஆலை அதிபர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே துலுக்கப்பட்டி ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த ஆலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த இடம் இன்று ராமசாமி ராஜா நகர், மக்கள் வாயில் ஆர்.ஆர். நகர். ஆண்டுக்கு 66,000 டன் என்ற அளவில் தொடங்கிய ஆலை அது. 1957 என்ற ஆண்டை இந்த மாவட்டத்து மக்கள் வேறு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் நடைமுறைக்கான ஒப்புதலைப் பெற்றது. மூன்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே மாவட்டத்தில், சம உரிமை கேட்டவர் தெருவில் கிடந்த ஆண்டும் நிலத்தடிக்குப் புதிய உரிமையாளர் வந்த ஆண்டும் ஒன்று என்பதைக் குறித்துவைக்கலாம்.

அரசும் சிமெண்டுக்கு வந்தது. 1970இல் ஆலங்குளத்தில் டிட்கோ தொடங்கிய ஆலை 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் கைக்குப் போனது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். பொதுத்துறை ஆலை என்றால் இனச்சுழற்சி உண்டு. 1971இல் அது பட்டியலின, பழங்குடியினருக்கு 18 விழுக்காடானது. தனியார் ஆலையில் அது கிடையாது. நிரந்தரத் தொழிலாளி என்ற அட்டை ஒரு சேரிக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம் அமைப்புகளில் இருக்கும் ஆசிரியர்கள், எழுத்தர்கள் பலர் தங்கள் வீட்டிலிருந்தே அறிவார்கள். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர் முறை பரவியபோது அட்டை சுருங்கியது. கல் உடைப்பும் மூட்டை ஏற்றுவதும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் இடஒதுக்கீடு வாசலோடு நின்றுவிடும். ஆனால் வேலைக்கு வருகிற ஆட்கள் அதே தெருவிலிருந்துதான் வருவார்கள்.

சிமெண்ட் மூட்டையோடு கல்லின் பயணம் முடியவில்லை. வெள்ளை அதிகமுள்ள கல்லை மாவாக அரைத்தால் அது இன்னொரு சரக்கு. வண்ணப்பூச்சில், சுவருக்குப் பட்டி பார்க்கும் மாவில், பிளாஸ்டிக் குழாயில், ரப்பரில், பற்பசையில், கோழித் தீவனத்தில், வயிற்றெரிச்சல் மாத்திரையில் இந்த மாவு இருக்கிறது. இன்னும் மென்மையான மாவு வேண்டுமென்றால் வழி வேறு. கல்லைச் சுட்டு, நீற்றி, சுண்ணாம்புப் பாலாக்கி, காளவாயிலிருந்து வெளியேறும் அதே கரியமில வாயுவைப் பிடித்து அந்தப் பாலுக்குள் செலுத்தினால் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படியும். விருதுநகரைச் சுற்றி இத்தொழில் நடக்கிறது. சிவகாசிக்கு இதன் தேவை நாம் நினைப்பதைவிட அதிகம். நாட்காட்டி அச்சாகும் ஆர்ட் காகிதத்தின் வழவழப்பு, காகிதத்தின்மேல் பூசிய கால்சியம் கார்பனேட்டும் வெள்ளைக் களிமண்ணும் தருவது. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அதோடு அமிலம் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். அந்த அமிலத்தை முறிக்கச் சிறிதளவு சுண்ணப்பொடி சேர்ப்பதுண்டு. பட்டாசு வேதியியலிலும் அதற்கு இந்தக் காவல் வேலை உண்டு. சாமி படம் போட்ட நாட்காட்டியிலும் கார்த்திகைத் தீபத்துக்குக் கிழிக்கும் தீக்குச்சியிலும் வாசலில் போடும் கோலமாவிலும் நம் மக்கள் அரைத்த கல் இருக்கலாம். தீட்டு அதில் ஒட்டுவதில்லை.

ஒரு காலத்தில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, அதற்காக 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த ஒரு சமூகம், தொழிலும் பள்ளியும் கட்டி எழுந்து நின்றது. அந்த எழுச்சியை நாம் மதிக்கிறோம், படிக்கவும் வேண்டும். ஆனால் முதலாளியாக எழுந்தவரின் வரலாறும், அவருடைய ஷெட்டில் மருந்து இடித்தவரின் வரலாறும் ஒரே அத்தியாயத்தில் அடங்கிவிடாது.

மாவு மில்லின் தூசியைப் பற்றிச் சிலது சொல்ல வேண்டும். சுத்தமான கால்சைட் தூசி நுரையீரலை அரிப்பது குறைவு. ஆனால் இங்குள்ள படிகச் சுண்ணாம்புக்கல்லோடு குவார்ட்ஸும் கலந்து வரும். அதன் தூசியில் இருப்பது சிலிக்கா. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸ் நோயைக் கண்டால் அறிவித்தாக வேண்டிய நோய் என்று பட்டியலிட்டது. மின்சாரம் பயன்படுத்தி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமே அந்தச் சட்டத்துக்குத் தொழிற்சாலையாக இருந்தது. எட்டுப் பேரை வைத்து ஓடும் அரவை மில் அந்தக் கணக்கில் வராது. இருமலோடு வருகிறவரைக் காசநோய் என்று எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டால் நோயும் கணக்கில் வராது. பட்டாசின் பேரியம் உப்பைப் பற்றிய வழக்கு 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பானது; டெல்லியின் காற்றுக்காக அது தேவைப்பட்டது. மில் தூசி அந்த உயரத்துக்குப் பறப்பதில்லை. வெடியில் செத்தால் செய்தி வரும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 மே 1, உழைப்பாளர் நாளன்று, காரியாபட்டி பக்கம் ஆவியூரில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். தூசியில் சாகிறவர்களுக்கு இப்படித் தேதி கிடையாது.

இனி சட்டத்துக்கு வருவோம். மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.

1957ஆம் ஆண்டுச் சட்டம் கனிமங்களை இரண்டாகப் பிரித்தது. சிறு கனிமம் மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது. மற்றவை ஒன்றிய அரசின் விதிகளுக்கு. சுண்ணாம்புக்கல் எந்தப் பக்கம்? கட்டடச் சுண்ணாம்பு செய்வதற்காகக் காளவாயில் சுடப்படும் கிளிஞ்சல், சுக்கான், சுண்ணாம்புக்கல் ஆகியவை சிறு கனிமம். அதே கல் சிமெண்ட் ஆலைக்குப் போனால் சிறு கனிமம் இல்லை. ஒரே பாறையின் இரண்டு துண்டுகளில் ஒன்று காளவாய்க்குப் போனால் சிறியது, உலைக்குப் போனால் பெரியது. உடலைப் பார்க்காமல் தொழிலைப் பார்த்துத் தகுதி வைக்கும் இந்த முறை நமக்குப் புதிதில்லை. 2015 பிப்ரவரியில் ஒன்றிய அரசு மேலும் 31 கனிமங்களைச் சிறு கனிமம் என்று அறிவித்தபோது கால்சைட், சாக்கு, சுக்கான் மூன்றும் அந்தப் பட்டியலில் வந்தன. ஓடைக்கரையில் கூடையோடு பொறுக்கிய பழைய வழக்கத்துக்கு இந்த இரண்டு பக்கத்திலும் இடமில்லை. குத்தகையும் நடைச்சீட்டும் இல்லாமல் எடுத்தால் திருட்டு. பெரிய முதலீடு இல்லாதவர் குத்தகை எடுக்க முடியாது. காளவாய்கள் அணைந்ததற்குச் சிமெண்ட் மலிந்தது முதற்காரணம் என்றால், இந்தச் சீட்டு இரண்டாவது காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்தது பணம். 1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் 115ஆம் பிரிவு, ஊராட்சி அமைப்புகளின் வருவாய்க்காக நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு தலவரி விதித்தது. 1964இல் ஒரு திருத்தம் வந்தது. சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையும் நிலவரிக் கணக்கில் சேரும் என்றார்கள். அதாவது கல் எடுக்கிற கம்பெனி உரிமத்தொகையாக ஒரு ரூபாய் கட்டினால் 45 காசு உள்ளாட்சிக்கு வர வேண்டும். தலையூத்தில் 1949இலேயே ஆலையை ஓட்டிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கு 1963இல் சுண்ணாம்புக்கல் குத்தகை ஒன்று கிடைத்திருந்தது. அது வழக்குக்குப் போனது. 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: உரிமத்தொகையும் ஒரு வரியே, அதன்மேல் இன்னொரு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. கல்லிலிருந்து ஊராட்சிக்கு வந்த காசு நின்றது. நிலக்கரி, இரும்பு என்று இந்தியா முழுவதும் இந்தத் தமிழ்நாட்டுச் சுண்ணாம்பு வழக்கு முன்னுதாரணமாயிற்று.

தேதிகளைப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, புதிய சட்டப்படி தேர்தல் நடந்தது 1996இல். மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது 1997 ஜூன் 30. ஒரு தலித் தலைவர் அந்தச் சட்டப்படி நாற்காலியில் உட்காருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, அந்த நாற்காலிக்கு வரவேண்டிய கனிமக் காசு போய்விட்டது. இதில் சதி ஏதும் இருப்பதாக நாம் சொல்லவில்லை. ஏழு நீதிபதிகளும் அரசியலமைப்பின் அட்டவணைகளைத்தான் படித்தார்கள். ஆனால் விளைவு யார் தலையில் விடிந்தது என்று கேட்பது நம் வேலை.

35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. உரிமத்தொகை வரியாகாது, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம். தமிழ்நாடு உடனே சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் நிலவரி. சிமெண்ட் விலை கூடும் என்று கம்பெனிகள் பேசின, செய்தித்தாள்கள் எழுதின. 1964இல் இந்தக் காசு ஊராட்சிக்கென்றே விதிக்கப்பட்டது என்ற பழைய கதையை அந்தப் பேச்சில் தேடித்தான் பார்க்க வேண்டும். திரும்பி வந்த அதிகாரம் கோட்டைக்கு வந்தது. 45 காசு போன ஊராட்சிக்கு என்ன பங்கு என்று கேட்க அடிப்படை இருக்கிறது, கேட்க வேண்டும்.

தொழிலாளிக்கென்று தனியாக ஒரு நிதியும் இருந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை அம்பேத்கர் கவனித்தபோது, 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி வந்தது. எடுக்கும் டன்னுக்கு ஒரு தீர்வை, அதிலிருந்து மருத்துவமனை, குடிநீர், வீடு. அதே வழியில் 1972இல் சுண்ணாம்புக்கல், டோலமைட் சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் பிறந்தது; தீர்வையின் உச்சவரம்பு டன்னுக்கு ஒரு ரூபாய். ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஆளும் இந்தச் சட்டத்தின் கண்ணில் சுரங்கத் தொழிலாளிதான். பிள்ளைகளுக்குப் படிப்புதவித்தொகை இதில் உண்டு. ஜி.எஸ்.டி. வந்த காலத்தையொட்டி, சில்லறைத் தீர்வைகளை ஒழிக்கிறோம் என்ற பெயரில் இந்தத் தீர்வையும் நீக்கப்பட்டது. ஒரு ரூபாய் சில்லறைதான். அம்பேத்கரின் கையெழுத்திலிருந்து நீண்ட ஒரு கோடு அந்தச் சில்லறையோடு அறுந்தது என்பதை நம் மேடைகளில்கூட நாம் போதுமான அளவு பேசவில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. 2015 ஜனவரி 12க்கு முன் வழங்கப்பட்ட குத்தகை என்றால் உரிமத்தொகையில் 30 விழுக்காடு, பின்னர் ஏலத்தில் போனது என்றால் 10 விழுக்காடு இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். 2014இல் நிர்ணயித்தபடி சுண்ணாம்புக்கல்லின் பொது உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகையில் அறக்கட்டளைப் பங்கு 24 ரூபாய். ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் என்று வைத்தால், 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் 70 கிலோ வரை கல் இருக்கும். மூட்டைக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் ரூபாய். நம் மக்கள் தலையில் சுமக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் இந்தக் காசு இருக்கிறது. கால்சைட் சிறு கனிமமாகிவிட்டதால் அதற்கான பங்கு மாநில விதிப்படி.

இந்த நிதி யாருக்கு? சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு. பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறையில்தான் நம் வரலாறு முழுதும் அடங்கியிருக்கிறது. பட்டா வைத்திருந்தவர் நிலம் விற்றார், விலை வாங்கினார். கையில் பத்திரம் இருக்கிறது. நம் ஆட்களிடம் பத்திரம் இருப்பது அரிது. ஆனால் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறி, சட்ட உரிமை உள்ளவரை மட்டும் சொல்லவில்லை. தொழில் உரிமை உள்ளவர், அனுபவ உரிமையும் மரபு உரிமையும் உள்ளவர் என்றும் சொல்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களை, முடிந்தவரை, கிராம சபையோடும் உள்ளூர்ப் பிரதிநிதிகளோடும் கலந்து அடையாளம் காண வேண்டும் என்றும் சொல்கிறது. ஓடைக்கரையில் சுக்கான் பொறுக்கியது மரபு உரிமை. தரிசில் ஆடு மேய்த்தது அனுபவ உரிமை. காளவாயில் கரி அடுக்கியது தொழில் உரிமை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பந்தல்குடி, ஆலங்குளம், ஆர்.ஆர். நகர் சுற்றிய ஊர்களின் சேரிகளில் நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எந்தெந்தக் குத்தகை, எந்த ஆண்டு வழங்கியது, எவ்வளவு டன், அறக்கட்டளைக்கு எவ்வளவு வந்தது, எந்த ஊரில் எதற்குச் செலவானது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முதியவர்களிடம் எந்தக் காளவாய், யாருடைய புஞ்சை, எந்த ஆண்டோடு நின்றது என்று எழுதி வாங்கலாம். அப்படி எழுதிய பெயர்கள் கிராம சபைத் தீர்மானத்தில் ஏற வேண்டும்; தீர்மான நகலைக் கையெழுத்தோடு அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். காளவாயில் நின்ற பெண்களில் பலருக்கு இப்போது எண்பது வயது.